நம்பிக்கையே கடையின் முதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இன்று எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்போ, கணினி பழுது பார்க்கும் சிறு கடைக்கு வாடிக்கையாளரைப் பெருக்குவது எப்படி என்பது. இதைக் கேட்டதும் நண்பர் ஒருவர், “இது சங்கத்தில் பேசத் தக்க பொருளா?” என்று வினவினார். பேசியே ஆக வேண்டிய பொருள் என்பது என் துணிபு. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் நோக்கிப் புறப்படும் இரயில் வண்டியில் ஏறிப் பாருங்கள். வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் தோளில் தொங்கும் பைகளுள் சிலவற்றில், மதிய உணவோடு பழுதுபட்ட மடிக்கணினியும் இருக்கும். அது எங்கே போகிறது? ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறது. அதே வேளையில், அந்தப் பழுதை நீக்கும் திறமை பெற்ற நம் ஊர் இளைஞன் இராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ கடையைத் திறந்து வைத்து, வாயிலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறான். திறமை இங்கே இருக்கிறது. வேலை அங்கே போகிறது. இடையில் குறைவது எது என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

நம் ஊரின் கதை உங்களுக்குத் தெரியாததன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தனர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே மின்சாரம் வந்து சேர்ந்தது. நாட்டின் பெருநகரங்கள் பலவும் அறியாத வெளிச்சத்தை நம் சுரங்கங்கள் கண்டன. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன. அன்று முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இரயில் வண்டியே வாழ்வாதாரமாயிற்று. விளக்கு வைக்கும் முன் புறப்பட்டு, விளக்கு வைத்த பின் திரும்பும் தந்தையைக் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே விழித்திருந்து காண்கின்றன. இத்தகைய ஊரில் ஒருவன் தன் தெருவிலேயே ஒரு தொழிலை நிலைநிறுத்துவானாயின், அது ஒரு குடும்பத்தின் மாலை நேரத்தை மீட்டுத் தருவதாகும். ஆதலின் சிறு கடை ஒன்று வாழ்வதும் வீழ்வதும் சங்கத்தின் கவலைக்கு உரியவையே.

வேலை இல்லை என்று எவரும் கூற இயலாது. 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடமே திரைக்கு வந்தபோது, கணினியைக் கண்டறியாத வீடுகளும் கடன்பட்டு ஒன்று வாங்கின. அந்தக் கணினிகளுக்கு இன்று வயதாகிவிட்டது. மின்கலம் தளர்ந்திருக்கிறது, விசிறியில் தூசி அடைந்திருக்கிறது. எனவே நோயாளிகள் உண்டு, மருத்துவரும் உண்டு. ஆயினும் நோயாளி வரவில்லை.

முதற் காரணம் நேரம். நம் கடைகள் பல காலை பத்து மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடப்படுகின்றன. வாடிக்கையாளரோ பத்து மணிக்குப் பெங்களூரில் இருக்கிறார். எட்டு மணிக்கு வண்டியில் இருக்கிறார். அவர் ஊரில் இருக்கும் நேரம் இரவும் ஞாயிறுமே. ஆகையால் தங்கவயலில் கடை வைத்திருப்போர் கடிகாரத்தைப் பார்த்துக் கடை திறவாமல், இரயில் அட்டவணையைப் பார்த்துத் திறக்க வேண்டும். இரவு ஒன்பதரை மணி வரை விளக்கெரியட்டும். ஞாயிறு முழுவதும் திறந்திருக்கட்டும். விடுமுறையைச் செவ்வாய்க்கோ புதனுக்கோ மாற்றிக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மாலைகளில் குடியிருப்புகளுக்கே சென்று கணினிகளைப் பெற்றுவரவும் செய்யலாம். உள்ளூரில் கிடைக்காத உதிரி உறுப்பு தேவைப்படின், நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்பும் நண்பர் ஒருவர் மூலம் அன்றிரவே வரவழைக்கலாம். பயணம் செய்ய வேண்டியது உறுப்பேயன்றி வாடிக்கையாளர் அல்லர்.

இரண்டாம் காரணம் அச்சம். இதுவே பெரிது. என் வீட்டில் நிகழ்ந்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கணினியை வேறோர் ஊர்க் கடையில் பழுது பார்க்கக் கொடுத்தோம். இரண்டு நாளில் திருப்பித் தந்தார்கள், நன்றாகவே ஓடிற்று. ஆனால் உள்ளே இருந்தவை அனைத்தும் அழிக்கப்பட்டிருந்தன. சுரங்கத்தில் இறங்குமுன் தலையில் விளக்கணிந்து என் தந்தையார் எடுத்துக்கொண்ட படம் ஒன்று அதில் இருந்தது. தாளில் இருந்த மூலப்படம் முன்பே கரையானுக்கு இரையாகிவிட்டது. கடைக்காரரிடம் கேட்டேன். “நீங்கள் சொல்லவில்லையே” என்றார். உண்மைதான், நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் வாங்கிய கூலி நியாயமானதே. எனினும் அந்தக் கடையின் படியை நான் மீண்டும் மிதித்ததில்லை.

கணினியைக் கொடுப்பவர் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் கொடுப்பதில்லை. மகளின் திருமணப் படங்களும், வங்கிக் கணக்கும், மகனின் சான்றிதழ்களும் அதனுள் இருக்கின்றன. தனி மனிதரின் தகவல்களைக் காப்பதற்கென்றே 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது என்றால், இதன் அருமை விளங்கும். “என் படங்களைப் பார்ப்பார்களோ, நல்ல உறுப்பைக் கழற்றிப் பழையதைப் பொருத்துவார்களோ, ஐந்நூறு என்று சொல்லி ஐயாயிரம் கேட்பார்களோ?” என்னும் மூன்று ஐயங்களும் வாடிக்கையாளர் நெஞ்சில் உண்டு. இவற்றை வாய்ச்சொல்லால் நீக்க முடியாது. நடைமுறையால்தான் நீக்க முடியும்.

நம் சலவைத் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். நூறு வீட்டுத் துணிகளை ஒரே துறையில் வெளுத்தனர். சேங்கொட்டைச் சாற்றால் இட்ட சிறு குறி ஒன்றே, எந்த வேட்டி எந்த வீட்டுக்கு உரியது என்பதைக் காட்டியது. அத்தகைய குறி நம் கடைகளுக்கும் வேண்டும். கணினி கைக்கு வந்தவுடன் ஒரு சீட்டு எழுதுக. நாள், கணினியின் பெயர், அதன் வரிசை எண், உடன் வந்த சார்ஜர், வாடிக்கையாளர் தம் வாயால் சொன்ன குறை ஆகியவற்றைக் குறித்திடுக. அதில் முதல் வினாவாக, “உள்ளே காக்க வேண்டியவை உண்டா?” என்பது அச்சிடப்பட்டிருக்கட்டும். உண்டு எனில், அவற்றை வேறொரு வட்டில் படியெடுத்த பின்னரே பழுது நீக்கத் தொடங்குக. கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டா. தேவைப்படும்போது உரியவரே வந்து இடட்டும். செலவு இவ்வளவு ஆகும் என்று முன்னரே எழுதித் தருக. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடுமாயினும் தொலைபேசியில் கேட்ட பின்னரே செய்க. வானொலிக் காலத்தில், பழைய வால்வைப் புதிய வால்வின் பெட்டியிலேயே வைத்துத் திருப்பித் தந்த நேர்மையான தொழிலாளர் இருந்தனர். கழற்றிய உறுப்பை அவ்வாறே வாடிக்கையாளர் கையில் கொடுத்துக் காட்டுக. சீட்டின் படி ஒன்று அவரிடம் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு சீட்டுப் புத்தகம். இதனால் வரும் ஆதாயம் ஒரு தெரு முழுவதும்.

மூன்றாவது, அறிவுரையில் நாணயம். பழுது பார்ப்பவர் மெய் சொல்கிறாரா என்பதைச் சோதிக்கும் காலம் இது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமாயின், டி.பி.எம். 2.0 என்னும் காப்பமைப்பு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். இதனால் பல வீடுகளில், நன்றாக ஓடும் கணினியையும் தூக்கி எறிய வேண்டுமோ என்னும் கலக்கம் பிறந்தது. இவ்விடத்தில் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதே அவருடைய எதிர்காலம். தகுதியுள்ள கணினியாயின் கட்டணமின்றி விண்டோஸ் 11-க்கு மாறலாம். தகுதியில்லையாயின், உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்பை இலவசமாக ஏற்றலாம். பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் அது போதும். அலுவலக மென்பொருளுக்கு விண்டோஸ் கட்டாயம் வேண்டும் என்பவர் மட்டுமே வேறு கணினி தேட வேண்டியவர். இதனைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கடை வாயிலில் ஒட்டுக. நின்று படிப்பவருள் சிலர் உள்ளே வருவர்.

“கணினி மெதுவாக ஓடுகிறது, புதிது வாங்கலாமா?” என்று வருவோரும் பலர். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால், பல கணினிகள் புத்துயிர் பெறும். விசிறியின் தூசியைத் துடைத்து, செயலியின் மேல் வெப்பப் பசையைப் புதுப்பித்தால், அடிக்கடி தானே அணையும் நோயும் பல வேளைகளில் தீரும். மாறாக, செலவு கணினியின் விலையை நெருங்குமாயின், “இதற்குப் பணம் போடாதீர்கள்” என்று துணிந்து சொல்ல வேண்டும். அன்று இழக்கும் கூலி சிறிது. அப்படிச் சொன்ன ஒருவரை மக்கள் வாழ்நாள் முழுவதும் தேடி வருவர். மின்கலம் உப்பியிருந்தால், அது தீப்பற்றக் கூடியது என்று எச்சரித்து, உடனே கழற்றித் தனியே வைத்திடுக. பழுதான உறுப்புகளைக் குப்பையில் எறியாமல், பதிவு பெற்ற மின்கழிவு நிலையத்தார்க்கு அனுப்புக.

நான்காவது, கடை இருப்பது தெரிய வேண்டும். பெயர்ப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. அதனைச் சுமையாகக் கருதாதீர்கள். அண்டை வீட்டுக் கன்னடரும் நம் வாடிக்கையாளரே. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. மனநிறைவோடு செல்பவரை அங்கே தம் கருத்தை எழுதுமாறு கேளுங்கள். நாமே பொய்ப் பெயரில் புகழ்ந்து எழுதுதல் தகாது. சிற்றூரில் பொய் நெடுநாள் மறையாது. பள்ளிகள், மருந்துக் கடைகள், சிறு அலுவலகங்கள் ஆகியவற்றோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொண்டால், கூட்டம் குறைந்த மாதங்களிலும் அடுப்பு எரியும்.

வாடிக்கையாளராகிய நமக்கும் கடமை உண்டு. உறுப்பின் விலையைக் கேள்வியின்றிக் கொடுக்கும் நாம், உழைப்பின் கூலிக்குப் பேரம் பேசுகிறோம். சோதித்துப் பார்க்கும் கட்டணத்தைக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். விலை கொடுக்காமல் திருட்டு மென்பொருளை ஏற்றித் தரச் சொல்கிறோம். அதன் வழியே நச்சு நிரல் புகுந்தால் கடைக்காரரைக் குறை கூறுகிறோம். இவற்றை விடுத்தல் வேண்டும். சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு, இம்மண்டபத்தில் நம் இளைஞர்கள் கணினிகளை இலவசமாகச் சோதித்து, குடும்பப் படங்களைப் படியெடுத்துக் காக்கும் முறையை நம் பெண்களுக்கும் முதியோர்க்கும் கற்றுக்கொடுக்க இடம் தாருங்கள். என் தந்தையாரின் படம் போனது போல் இன்னொரு வீட்டில் போகாதிருக்கட்டும்.

முடிக்கு முன் ஒன்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குக் கூண்டில் இறங்கிய நம் முன்னோர், மேலே இஞ்சினை இயக்கியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பி வடத்தைத் தம் கையால் சோதிக்கவும் இல்லை. அந்த வேலைக்கு உரியவர் ஒழுங்காகச் செய்வார் என்று நம்பி இறங்கினர்; நம்பி ஏறினர். அந்த நம்பிக்கைக்கு உரியவராக நம் இளைஞர் நடந்தால், கடை நிலைக்கும். நாளை விடியலில் பழுதான கணினியைப் பையில் வைக்கும் அன்பரே, வண்டியேறுமுன் நம் தெருக் கடையில் ஒரு சொல் கேளுங்கள்.