யெஸ், நோ: இரு சிறு சொற்கள்

ஆங்கிலம் பயிலத் தொடங்குவோர் முதல்நாளிலேயே அறிந்துகொள்ளுஞ் சொற்கள் 'யெஸ்', 'நோ' என்னும் இரண்டுமாம். முன்னதற்கு 'ஓம்', பின்னதற்கு 'இல்லை' என்று பொருளெழுதிக்கொண்டு அப்பாற் சென்றுவிடுவர். பத்தாண்டு பயின்றவரையும் இடறச் செய்வன இவ்விரு சொற்களே.

நோயாளி ஒருவர் ஆங்கிலம் மட்டுமே அறிந்த வைத்தியர்முன் இருக்கிறார் எனக் கொள்க. "தந்த மருந்தை நீர் உட்கொள்ளவில்லையா?" என்று வைத்தியர் ஆங்கிலத்தில் வினாவுகிறார். நோயாளி உட்கொள்ளவில்லை. "ஓம், உட்கொள்ளவில்லை" என்று தமிழில் எண்ணிக்கொண்டு, 'யெஸ்' என்று மட்டுஞ் சொல்கிறார். வைத்தியர் செவியில் அது "உட்கொண்டேன்" என்றே விழும். மருந்து பலிக்கவில்லையென்று கருதி அவர் அதன் அளவைக் கூட்டவுங்கூடும். "அன்றிரவு நீர் அங்கே போகவில்லையா?" என்னுங் கேள்விக்கு நீதிமன்றிலே இவ்வாறு விடையிறுக்குஞ் சாட்சியோ, போகாத இடத்துக்குப் போனவராகிவிடுகிறார்.

காரணம் யாதெனில், தமிழர் வினாவுவோர் கூற்றை நோக்கி விடையளிப்பர். அக்கூற்றுச் சரியாயின் 'ஓம்' என்பர். ஆங்கிலேயர் செயலையே நோக்குவர். செயல் நிகழ்ந்ததாயின் 'யெஸ்', நிகழாததாயின் 'நோ'. வினா எவ்வுருவில் வரினும் இதில் மாற்றமில்லை. தமிழிலே இத்தகைய மயக்கம் குறைவு, "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என வினைச்சொல்லையே திருப்பிக் கூறுவது இயல்பன்றோ? அவ்வழக்கத்தை ஆங்கிலத்துக்குங் கொண்டுசெல்லலாம். 'நோ, ஐ டிட் நொட்' என்று முழுவதுஞ் சொல்பவர் பிழைபடார்.

ஆங்கிலேயரும் இதில் ஒருகாலத்தில் இடர்ப்பட்டவரே. முன்னாளில் அவர்களிடம் நான்கு சொற்கள் இருந்தன. உடன்பாட்டு வினாவுக்கு 'யேய்', 'நேய்' என்பனவும், எதிர்மறை வினாவுக்கு 'யெஸ்', 'நோ' என்பனவும் விடையாயின. 1526 இல் அச்சான புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பிலே, தீர்க்கதரிசி தாமோ என்று யோவானை வினாவிய இடத்தில், வில்லியம் டிண்டேல் 'நோ' என்று எழுதினார். அங்கே 'நேய்' என்றிருத்தல் வேண்டுமென்று சேர் தோமஸ் மோர் 1532 இல் கண்டித்தார். சமயப் பூசலுக்கிடையே இலக்கணப் பூசலும்! மோர் எத்துணை வாதித்தும் பயனில்லை. பழைய வேறுபாடு வழக்கொழிந்தது.

இன்னுமொன்று. யாழ்தேவியிலே அயலார் ஒருவர், 'டூ யூ மைண்ட் இவ் ஐ சிற் ஹியர்?' என்று கேட்கிறார். இடங்கொடுக்க விரும்பி முகமலர்ந்து 'யெஸ்' என்றால், அவர் வேறிடம் தேடிப் போய்விடுவார். 'மைண்ட்' என்பதற்கு இவ்விடத்தில் மனம் என்பது பொருளன்று. ஆட்சேபித்தல் என்பதே பொருள். ஆகவே 'யெஸ்' என்பது ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். 'நொட் அற் ஓல்' என்று சொல்லிச் சற்று விலகி அமர்ந்தாற் போதும்.