மழைக்காலத்துல கோழிக்கு என்ன போடுறது?

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். "நீ கோழியைப் பத்திப் பேசு, போதும்" என்று ஊக்குநர் அக்கா சொன்னாங்க. எழுதி வச்சுத்தான் படிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க வீடு பாகூர் கொம்யூன்ல, தென்பெண்ணை ஆத்துக்குப் பக்கம். நான் கல்யாணமாகி வந்தப்போ மாமியார் நாலு கோழி வச்சிருந்தாங்க. அது என்ன தின்னுதுன்னு யாரும் கேட்டதில்லை. காலையில திறந்துவிட்டா குப்பைமேடு, களம், வரப்புன்னு மேயும். சாயந்திரம் ஒரு பிடி நொய் போட்டா தானா வந்து அடையும்.

2024 ஆடி மாசம் குழுவுல 8,000 ரூபாய் உள்கடன் வாங்கி, ஆறு பொட்டை, ஒரு சேவல், நாப்பது குஞ்சுன்னு பெருக்கினேன். அப்பத்தான் தீனிக் கணக்கு புரிஞ்சுது. வளர்ந்த நாட்டுக்கோழி ஒண்ணுக்கு நாளைக்கு 80-லிருந்து 100 கிராம் வரைக்கும் தீனி வேணும். வெயில் காலத்துல பெரும்பங்கை அதுவே தேடிக்கும். ஐப்பசி பிறந்தா அது நடக்காது. தரையெல்லாம் சேறு. வயல்ல நடவு இருக்கும், கோழியை விட்டா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. மார்கழி, தையில பனி விலகி அது வெளிய வரவே நேரமாகுது. பகலும் பதினொண்ணரை மணி நேரம்தான். (முட்டை குறையுறதுக்கு அந்தப் பகல் குறையுறதும் ஒரு காரணம். அதுக்காகக் கோழியைத் திட்டாதீங்க.) குளிர் தாங்க வயிறு நிறையணும், அந்த நேரம் பார்த்துத்தான் வயிறு காயுது. கடைத் தீனி வாங்கினேன். முட்டை வித்த காசு மூட்டைக்கே போச்சு.

அப்புறம் அந்தப் புயல். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரையைக் கடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். ஒரே நாள்ல புதுச்சேரியில 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து ஆத்துல தண்ணி வந்துச்சு. கோழியையும் குஞ்சையும் பரண்ல ஏத்திக் காப்பாத்திட்டேன். கம்பு மூட்டையும் தவிட்டு மூட்டையும் நனைஞ்சு போச்சு.

வெயில் வந்ததும் மாடியில ரெண்டு நாள் காய வச்சேன். கொஞ்சம் புழுங்கின வாடை இருந்துச்சு. காசு போட்டு வாங்கினதைக் கொட்ட மனசு வரலை. அதையே போட்டேன். பத்து நாள்ல குஞ்சுங்க இறக்கையைத் தொங்கவிட்டு ஒரு மூலையில நின்னுச்சு. தீனி எடுக்கலை. ஒண்ணு, ரெண்டுன்னு 26 குஞ்சு செத்துது. செத்த ரெண்டைப் பையில போட்டுக்கிட்டு குரும்பாப்பட்டு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு பஸ் ஏறினேன். டாக்டரம்மா அறுத்துப் பார்த்து, ஈரல் வெளுத்து வீங்கியிருக்கு, பூசணம் பிடிச்ச தீனி போட்டீங்களான்னு கேட்டாங்க. அந்தப் பூஞ்சை நஞ்சு வெயில்ல காய வச்சாலும் போகாதாம், வேக வச்சாலும் போகாதாம்.

இப்போ சொல்றதை இதுவரைக்கும் எங்க குழுவைத் தவிர வெளிய சொன்னதில்லை. அந்த வாரக் கூட்டத்துல, "குளிர்ல செத்துப் போச்சு" என்று சொல்லிட்டேன். கடன் வாங்கின காசை என் கையாலேயே கெடுத்தேன்னு சொல்ல வெட்கம். எங்க குழுவுல ஒரு அக்காகிட்டயும் நனைஞ்ச தவிடு இருந்துச்சு. குளிர்தான் காரணம்னு நான் சொன்னதைக் கேட்டு அவங்க கூண்டைச் சுத்தி சாக்கு கட்டினாங்க, தவிட்டை மாத்தலை. அவங்க வீட்டுல 11 கோழி போச்சு. எல்லாம் முட்டை இடுற கோழி. அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னு உண்மையைச் சொன்னேன். அக்கா ஒரு வார்த்தை பேசலை. மறுநாள் காலையில அந்தத் தவிட்டுல ஒரு பிடியை முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்து, "இதை மோந்து பாரு, இதேதானா?" என்று கேட்டாங்க. இதேதான் அக்கா என்றேன்.

அதுக்கு அப்புறம்தான் குரும்பாப்பட்டுல இருக்கிற பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துப் பயிற்சிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம்.

இப்போ நாங்க செய்றதைச் சொல்றேன். மழைக்காலத் தீனிக்கு ஆனியிலேயே வேலை ஆரம்பிக்கணும். வீட்டுக்குப் பின்னால மூணு சென்ட்டுல ஆனி முதல் வாரம் கம்பு விதைச்சேன். புரட்டாசியில மழைக்கு முன்னால அறுத்தாச்சு. கிளி தின்னது போக 20 கிலோ நின்னுச்சு. பல்லுல கடிச்சா 'கடக்'குன்னு உடையணும், அதுவரைக்கும் காய வைக்கணும். தகர டின்ல கொட்டி, தரையில வைக்காம பலகை மேல வைக்கணும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளிய எடுப்பேன். கட்டி பிடிச்சாலோ, பச்சையா கறுப்பா தூள் படிஞ்சாலோ, வாடை வந்தாலோ குழி தோண்டிப் புதைச்சிடுங்க. மாட்டுக்குப் போடலாமேன்னு நினைக்காதீங்க. அந்த நஞ்சு பால்ல இறங்கி நம்ம பிள்ளைங்களுக்குத்தான் வரும். கம்பை முளைகட்டிப் போடுறதும் நல்லதுதான், அடைமழையில ரெண்டு நாளைக்கு மேல வச்சா அதுலயும் பூசணம் வந்துடும்.

முருங்கைக்கீரையை மழைக்கு முன்னாலேயே நிழல்ல காயப்போட்டு நொறுக்கி வச்சுக்கிட்டோம். பத்துப் பிடி தீனிக்கு ஒரு பிடி. வேலிமசாலும் போடலாம். அகத்தி வேண்டாம், அது ஆட்டுக்கு. மரவள்ளித் தழையைப் பச்சையா போடவே கூடாது.

அசோலா எனக்கு முதல்ல சரியா வரலை. மழையில தொட்டி வழிஞ்சு பாதி சாக்கடைக்குப் போச்சு. இப்போ மேல கீத்துப் போட்டு, ஓரத்துல தண்ணி வடிய ஒரு ஓட்டை விட்டிருக்கேன். சாணி வாடை போக ரெண்டு தண்ணியில அலசி, தவிட்டுல பிசைஞ்சு வச்சாத்தான் தின்னும். அசோலாவே போதும்னு சிலர் சொல்றாங்க, நம்பாதீங்க. அதுல சத்து இருக்கு, ஆனா பத்துல ஒன்பது பங்குக்கு மேல தண்ணிதான்.

குஞ்சுக்குக் கரையானுக்கு மேல ஒண்ணுமில்லை. மாமியார் காலத்து வழி: பழைய பானையில ஈரச் சாக்கு, காஞ்ச சாணி, ஓலைத் துண்டு திணிச்சு, கரையான் இருக்கிற இடத்துல சாயங்காலம் கவுத்து வைக்கணும். விடியக்காலையில எடுத்து அப்படியே தட்டினா குஞ்சுங்க மொய்க்கும். மழை விட்ட நாள்லதான் பலிக்கும். மழை விட்ட ராத்திரி ஈசல் வந்தா விளக்கடியில தாம்பாளத்துல தண்ணி வைங்க, காலையில கோழிக்கு விருந்து. முட்டை ஓட்டை வறுத்துப் பொடிச்சுப் போடுங்க, தோல்முட்டை வராது.

தீனி நல்லா போட்டா வெள்ளைக்கழிச்சல் வராதுன்னு இல்லை. அதுக்குத் தடுப்பு மருந்துதான். குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி.

இந்த மழைக்காலத்துல எனக்கு மூணு குஞ்சுதான் போச்சு, ஒண்ணைக் கீரிப்பிள்ளை தூக்கிட்டுப் போச்சு. உள்கடன்ல இன்னும் ரெண்டு தவணை பாக்கி. கம்பு விதை எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் இருக்கு. ஆனிக்குள்ள வந்தா ஆளுக்கு ஒரு படி தர்றோம், அறுத்ததும் திருப்பிக் குடுத்துடணும்.