வீட்டுக் கணினியில் கணக்கும் வரைபடமும்: மின்கட்டணம் முதல் பாபநாசம் அணை வரை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கணக்குப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கணக்கு என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதனால் முதலில் மின்சார ரசீதில் ஆரம்பிக்கிறேன். அதற்கு யாரும் எழுந்து போக மாட்டீர்கள்.

நம் கட்டடத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கணினியோ மடிக்கணினியோ இருக்கிறது. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகூடச் சில வீடுகளில் பரணில் தூங்குகிறது. அதைத் தூசி தட்டி எடுங்கள். அதில் போட ஜியோஜீப்ரா என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது உருவாக்கத் தொடங்கியது. கல்விக்கும் சொந்த உபயோகத்துக்கும் இலவசம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. ஒரு பக்கம் சமன்பாட்டைத் தட்டினால் மறுபக்கம் கோடு வரைந்து காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலை நமக்கு எங்கெல்லாம் உதவும் என்று பார்ப்போம்.

முதலாவது, மின்கட்டணம்

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன்பிறகு விகிதம் மாறியிருக்கிறது. வீட்டில் செய்து பார்க்கும்போது இப்போதைய விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் முறை ஒன்றுதான்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். கூட்டிப் பார்த்தால் சரியாக 500 யூனிட்டுக்கு 225, 900, 600. ஆக மொத்தம் 1725 ரூபாய்.

இனி ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய்தானே கூடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. 500-ஐத் தாண்டியவர்களுக்கு 101 முதல் 200 வரை இருந்த 2.25 போய், அங்கேயும் 4.50 வந்துவிடும். அதில் மட்டும் 225 ரூபாய் கூடுகிறது. ஆக 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

இதை ரசீதில் பார்த்தால் தெரியாது. வரைபடத்தில் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜியோஜீப்ராவில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி தட்ட வேண்டும். யூனிட் எண்ணிக்கை எக்ஸ் என்றால்,

100 முதல் 200 வரை: 2.25 × (எக்ஸ் − 100)
200 முதல் 400 வரை: 225 + 4.5 × (எக்ஸ் − 200)
400 முதல் 500 வரை: 1125 + 6 × (எக்ஸ் − 400)
500-க்கு மேல் 600 வரை: 1950 + 8 × (எக்ஸ் − 500)

படத்தில் முதல் மூன்று கோடுகளும் ஒன்றின் நுனியில் ஒன்று ஒட்டிக்கொண்டு, சரிவு மட்டும் கூடிக்கொண்டே போகும். நான்காவது கோடு ஒட்டாது. 225 ரூபாய் உயரத்தில் அந்தரத்தில் ஆரம்பிக்கும். கல்லூரியில் இதைத் 'தொடர்ச்சியின்மை' என்று சொல்லித் தருவார்கள். நம் வீட்டில் அதற்குப் பெயர் "இந்தத் தடவை ஏன் இவ்வளவு வந்திருக்கு?"

இதை வைத்து என்ன செய்யலாம்? மீட்டர் அளவைப் பத்து நாளைக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். 50-ஆம் நாளில் 450 யூனிட் ஆகியிருந்தால் நாளுக்கு 9 யூனிட் வேகம். நாளைக் கீழ் அச்சிலும் யூனிட்டை நிமிர்ந்த அச்சிலும் வைத்து அந்தக் கோட்டை நீட்டுங்கள். குறுக்கே 500 என்று ஒரு கிடைக்கோடு போடுங்கள். இரண்டும் 56-ஆம் நாளில் வெட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் 60-ஆம் நாள் 540 யூனிட், கட்டணம் 2270 ரூபாய். மீதிப் பத்து நாளில் நாளுக்கு 5 யூனிட்டாகக் குறைக்க முடிந்தால் 500-இல் நிற்கும், 1725 ரூபாய். வித்தியாசம் 545 ரூபாய். சித்திரை வைகாசி வெயிலில் இது எல்லோராலும் முடியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஏசியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்தவர்களுக்கு எந்த நாளில் முடிவெடுக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். நாளுக்கு 8.2 யூனிட் செலவழிக்கும் வீட்டில் 60-ஆம் நாள் அளவெடுத்தால் 492 யூனிட், 1677 ரூபாய். இரண்டு நாள் தள்ளி 62-ஆம் நாள் எடுத்தால் 508 யூனிட், 2014 ரூபாய். 16 யூனிட்டுக்கு 337 ரூபாய் வித்தியாசம். அளவெடுக்கும் தேதியை ஏன் குறித்துவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது, பத்தாம் வகுப்பு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குத் தாளில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். நம் மாநிலப் பாடப் புத்தகத்திலேயே 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் ஜியோஜீப்ரா பணித்தாளுக்கு வழி கொடுத்திருக்கிறார்கள். பலர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்விடுகிறோம்.

பெற்றோர் கேட்கும் கேள்வி நியாயமானது: "கணினியே வரைந்து கொடுத்துவிட்டால் பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்ளும்? தேர்வு அறைக்குள் கணினி வருமா?" வராது. அதனால் ஒரு வரிசையைக் கடைப்பிடியுங்கள். முதலில் வரைபடத்தாள், பென்சில், அளவுகோல். அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, புள்ளி வைத்து, வளைவைக் கையால் வரையட்டும். முடித்த பிறகு கணினியைத் திறக்கட்டும். தன் புள்ளிகளையும் சமன்பாட்டையும் தட்டிப் பார்த்தால், எந்தப் புள்ளி வளைவை விட்டு விலகி நிற்கிறதோ அங்கேதான் தவறு. பெரும்பாலும் அது எதிர்மறை எண் பக்கமாகத்தான் இருக்கும். எக்ஸ் −2 என்றால் அதன் வர்க்கம் 4. அவசரத்தில் −4 என்று எழுதியிருக்கும். நாம் சிவப்பு மையால் சுழிப்பதைவிடத் தன் கண்ணாலேயே பார்த்தால் பிள்ளைக்கு மறக்காது.

கையால் செய்ய முடியாத ஒன்றையும் இந்த மென்பொருள் செய்யும். எக்ஸ்² − 4எக்ஸ் + சி என்று எழுதுங்கள். சி-க்கு ஒரு 'நழுவல்' வரும். அதை இழுத்தால் வளைவு மேலும் கீழும் நகரும். சி 3 ஆனால் வளைவு கீழ் அச்சை 1, 3 ஆகிய இரண்டு இடங்களில் வெட்டும். சி 4 ஆனால் 2 என்ற இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும். சி 5 ஆனால் அச்சைத் தொடாமல் மேலே போய்விடும். சமமற்ற மெய் மூலங்கள், சம மூலங்கள், மெய் மூலங்கள் இல்லை என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மூன்று வரிகளும் அரை நிமிடத்தில் கண்முன்னே நடக்கும். தன்மைகாட்டி ஏன் அந்தப் பெயர் பெற்றது என்று அப்போது புரியும்.

மூன்றாவது, நம்ம ஆறு

தினமும் காலையில் பத்திரிகையில் அணை நீர்மட்டம் பார்க்காத திருநெல்வேலிக்காரர் உண்டா? பாபநாசம் முழுக் கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. பாபநாசத்தில் 71 அடி என்று போட்டிருந்தால் "பாதி அணை நிறைஞ்சிருக்கு" என்று பேசிக்கொள்கிறோம். உயரத்தில்தான் பாதி. தண்ணீரில் பாதி இல்லை.

மலைப் பள்ளத்தாக்கு அடியில் ஒடுங்கி மேலே விரிந்திருக்கும். விளங்கிக்கொள்வதற்காகத் தலைகீழாக வைத்த ஒரு கூம்பு என்று வைத்துக்கொள்வோம். கூம்பில் தண்ணீரின் அளவு உயரத்தின் முப்படியைப் பொறுத்தது. பாதி உயரத்துக்கு எட்டில் ஒரு பங்கு தண்ணீர்தான் இருக்கும். 80 சதவீத உயரத்தில், அதாவது 114 அடி வாக்கில்தான், பாதித் தண்ணீர் சேரும். உண்மையான அணை கச்சிதமான கூம்பு அல்ல. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அடிப்பக்கத்து ஓர் அடியைவிட மேற்பக்கத்து ஓர் அடியில் தண்ணீர் பல மடங்கு அதிகம் என்பது மட்டும் மாறாது. கணினியில் முப்படி வளைவை வரைந்து பார்த்தால் ஆரம்பத்தில் தரையோடு தவழ்ந்து, கடைசியில் செங்குத்தாக ஏறுவது தெரியும்.

இது ஏன் நமக்கு முக்கியம்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள் போனது. அந்த மாதிரி நாளில் "இன்னும் பத்து அடி பாக்கி இருக்கே" என்று ஆறுதல் கொள்வதா, பதற்றப்படுவதா என்பது நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். வெளியேற்றத்தைவிட வரத்து நொடிக்கு 10,000 கனஅடி அதிகம் என்றால் ஒரு நாளில் 86.4 கோடி கனஅடி தண்ணீர் சேரும். பத்திரிகையில் வரும் மூன்று எண்களையும் தினம் ஒரு வரியாக லிப்ரே ஆபிஸ் கால்க் போன்ற அட்டவணை மென்பொருளில் பதிந்து வந்தால், ஐப்பசி கார்த்திகையில் ஆறு எப்படி நடந்துகொள்கிறது என்ற படம் நம் கையில் இருக்கும். அரசு தரும் எச்சரிக்கைக்கு அது மாற்று இல்லை. எச்சரிக்கை வந்தால் உடனே கிளம்ப வேண்டியதுதான். அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள இது உதவும்.

கவனிக்க வேண்டியவை

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: மின்கட்டணச் சமன்பாட்டைத் தட்டியதும் திரை வெறுமையாக இருக்கும். மென்பொருள் கெட்டுவிடவில்லை. திரையில் தெரிவது பத்து, பதினைந்து வரைதான். நம் கோடு 500-க்கும் 2000-க்கும் போகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அச்சை இழுத்தால் அளவு சுருங்கும். அளவுத்திட்டத்தை மாற்றினால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். செய்தியில் வரும் வரைபடத்தைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டு: −2² என்று அடைப்புக்குறி போடாமல் தட்டினால் ஜியோஜீப்ரா −4 என்று சொல்லும், கால்க், எக்செல் போன்றவை 4 என்று சொல்லும். இரண்டும் தத்தம் விதிப்படிதான் சொல்கின்றன. அடைப்புக்குறி போடுவது நம் பொறுப்பு.

மூன்று: எக்ஸ்² − 4 என்பதை எக்ஸ் − 2-ஆல் வகுத்து வரையச் சொன்னால் திரையில் முழு நேர்கோடு வரும். உண்மையில் எக்ஸ் 2 ஆகும் இடத்தில் ஒரு புள்ளி அளவு ஓட்டை இருக்கிறது. அங்கே பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அது கண்ணுக்குத் தெரியாது; கணக்குத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஆசிரியர் இன்னும் தேவை என்பதற்கு அந்த ஓட்டையே சாட்சி.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் ஜியோஜீப்ராவுக்குத் தமிழிலேயே ஒலிப்பாடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மேக்சிமா என்ற இன்னொரு இலவச மென்பொருளும் உண்டு. அது பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக் கணக்குப் போடும். மூன்றில் ஒன்றை 0.333 என்று வெட்டாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த மின் ரசீது வருவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஆறு தடவை மீட்டர் அளவைக் குறித்துவையுங்கள். அந்த ஆறு எண்களை வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து, "இதை ஒரு கோடாகப் போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். ரசீது எவ்வளவு வரும் என்று பிள்ளையே முன்கூட்டிச் சொல்லட்டும். சரியாக வந்தால், மிச்சமாகும் பணத்தில் சாந்தி ஸ்வீட்ஸில் அரைக் கிலோ அல்வா வாங்கிக் கொடுங்கள். கணக்கு இனிக்கும்.