கொடியங்குளம்: அமைதியை எதைக் கொண்டு அளப்பது?

(சங்கரன்கோவிலில் நடந்த அரங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொடியங்குளம் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதன் கதை தொடங்கிய இடம் நமக்குப் பக்கத்து வீரசிகாமணி. 1995 ஜூலை 26 அன்று அங்கே ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் தலித் மாணவர்களுக்கும் தகராறு. அது தென்மாவட்டங்கள் முழுக்கப் பரவியது. ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, சுமார் 600 போலீஸார் கொடியங்குளத்துக்குள் புகுந்தார்கள்.

எதை உடைத்தார்கள் என்று பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் மிஷின். வளைகுடாவில் உழைத்தவர்களின் பாஸ்போர்ட்டுகளையும் விடவில்லை. கிணற்றில் விஷம் கலந்ததாக மக்கள் குற்றம் சாட்டினார்கள். குற்றவாளியைத் தேடி வந்த போலீசுக்குத் தையல் மிஷினிடம் என்ன வேலை? படிப்பாலும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தாலும் நிமிர்ந்த ஊர் என்பதுதான் அதன் குற்றம். அரசு தந்த நிவாரணத்தை அம்மக்கள் வாங்க மறுத்தார்கள். அவர்கள் கேட்டது நீதி.

இன்று போகிறவர்களுக்கு ஊர் அமைதியாகத்தான் தெரியும். ஒரு பெரியவரிடம் அதையே கேட்டேன். "இங்க சண்டை ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா பேரன் பஸ்ஸ விட்டு எறங்கி வீடு வந்து சேருதவரைக்கும் அவன் ஆச்சி வாசல விட்டு எந்திரிக்க மாட்டா" என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது அரசு. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். வன்முறை வெடித்தது. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே நீக்கியது. சாதிவெறியைத் தொடாமல் பெயரை அழித்து வாங்கிய அமைதி அது.

அந்த அமைதியின் லட்சணத்தை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். வீடு புகுந்து தலித் மாணவனை வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்தவர்கள். 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வெழுதப் போன பிளஸ் ஒன் மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்துப் போட்டு விரல்களைத் துண்டித்தார்கள். வீரசிகாமணிக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஆகியும் பேருந்து நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இல்லை.

வழியே இல்லையா? இருக்கிறது. 2022இல் நம் பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த வழக்கில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரும் ஆறு மாதம் ஊருக்குள் நுழையத் திருநெல்வேலி நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கமாக ஊரைவிட்டு ஓடுவது நாம்தான். அங்கே அது மாறியது. சட்டப் புத்தகத்தில் எப்போதோ இருந்த பிரிவு அது. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது, ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. இவற்றை நடைமுறைப்படுத்து என்று நாம் ஊர் ஊராகக் கேட்க வேண்டும்.

அமைதிக் கூட்டத்தில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பது கணக்கில்லை. நம் பிள்ளை பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போய் முழுசாகத் திரும்புகிறானா என்பதுதான் கணக்கு. அதுவரை, அமைதி திரும்பிவிட்டது என்று எந்த அதிகாரி சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஜெய்பீம்.