கையிலிருக்கும் நூல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாசிப்பின் பயனைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கக் காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். வாசிப்பினாற் பயனில்லை என்று சொல்பவர் இம்மண்டபத்தில் எவருமிலர். ஆகவே அதனை நிலைநாட்டுதற்கு உங்கள் பொழுதைச் செலவிட நாம் விரும்பவில்லை. அப்பொருளின் ஒரு சிறு கூற்றையே எடுத்துக்கொள்ளுகின்றோம். ஒருவர் தமது கையிலிருக்கும் நூலை, முடித்தபின் அன்று, படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லுதல் என்பதே அது. சிறு காரியந்தான். ஆயினும் தமிழிலே பெருநூல்கள் சில இன்று அச்சில் இருப்பதற்கு இத்தகைய ஒரு பேச்சே தொடக்கமாயிருந்தது.

இந்நாட்களில் நாம் படித்து வருவது உ. வே. சாமிநாதையர் எழுதிய 'என் சரித்திரம்'. 1940 ஆம் ஆண்டிலே ஆனந்த விகடனில் வரத் தொடங்கி, ஐயர் அவர்கள் 1942 இற் காலமானமையால் முற்றுப்பெறாது நின்று, 1950 இல் நூலுருப் பெற்றது. பெரிய நூல். பாதிக்குச் சற்று மேலே வந்திருக்கின்றோம். முற்பகுதியில் ஊர்ப்பெயர்களும் உறவுமுறைகளும் மிகுதியாக வருகின்றன. விரைந்து செல்பவர்களுக்கு அவை அலுப்புத் தரக்கூடும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் ஐயர் மாணாக்கராய்ச் சேரும் இடத்திலிருந்து நூலைக் கீழே வைக்க மனம் வருவதில்லை. அங்கே தொடங்கி, பின்னர் முற்பகுதிக்குத் திரும்பினாலும் குற்றமில்லை என்பது எமது அபிப்பிராயம். பெரியோர்கள் பொறுத்தருள்க.

அந்நூலிலே ஓரிடத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1880 ஆம் ஆண்டு. ஐயருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்து சில மாதங்களே ஆயின. அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் செல்லுகின்றார். முதலியார் அவரை நோக்கி, யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று வினவுகின்றார். ஐயரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனத் தாம் கற்றவற்றை அடுக்குகின்றார். நீண்ட வரிசைதான். கேட்டவரோ வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டோ என்று கேட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர் சொல்லுகின்றார். அவற்றை ஐயர் படித்ததுமில்லை, கண்ணாற் கண்டதுமில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால், உத்தியோகத்தில் உள்ள ஒருவர் இளம் ஆசிரியர் ஒருவரை மட்டந்தட்டிய கதையாக அது முடிந்திருக்கும். முதலியார் அப்படி விடவில்லை. தாம் தேடிப் பெற்றிருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயர் கையிற் கொடுத்துப் படிக்கச் செய்தார். படிக்கத் தொடங்கிய ஐயருக்குச் சமண சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. அவ்வூரிலே சமணர் சிலர் அந்நூலைக் கூடியிருந்து படித்து வருகின்றனர் என்று அறிந்து, அவர்களிடஞ் சென்று ஐயந் தீர்த்துக்கொண்டார். ஏழு ஆண்டுகளின் பின், 1887 இல், சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னர் 1892 இற் சிலப்பதிகாரம், 1894 இற் புறநானூறு, 1898 இல் மணிமேகலை.

முதலியார் செய்தது என்ன? அவர் உரை எழுதவில்லை, பதிப்பிக்கவுமில்லை. என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார், தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். அவ்வளவே. கேள்வி இனிமையாகவும் இருக்கவில்லை. நல்ல நூலொன்றை ஒருவருக்குச் சொல்லும்போது சில வேளைகளில் அவருக்குச் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும். தைத்தபின் நூலைக் கையிற் கொடுக்காமற் போவதுதான் தவறு.

நமது ஊரிலே பெரியவர்கள் இளைஞர்களைக் கண்டால் முதலிற் கேட்பது என்ன? "தம்பி, சோதனை மறுமொழி வந்திட்டுதோ? எத்தனை பாடம் சித்தி?" இதனைக் கோயில் வீதியிலும் கேட்கின்றோம், கலியாண வீட்டிலும் கேட்கின்றோம். "இப்ப கையிலை என்ன புத்தகம் வைச்சிருக்கிறீர்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? இளைஞர்களும் இதில் விலக்கல்லர். வீட்டிலே ஐம்பது ஆண்டு வாசித்த பாட்டனார் சாய்மனைக் கதிரையில் இருக்கின்றார். "அப்பு, நீங்கள் என்ன வாசிக்கிறியள்?" என்று ஒரு நாள் அவரைக் கேட்டுப் பாருங்கள். இராச் சாப்பாடு ஆறிப்போகும். அதற்கு நாம் பொறுப்பாளி அல்லோம்.

சிந்தாமணிக் கதையிற் சமணர் கூடியிருந்து படித்தனர் என்றோமல்லவா? அவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. கந்தபுராண படனத்தை நோக்குங்கள். கோயிலிலே ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார்; மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுத்தறியாதவரும் தூணோரத்தில் இருந்து கேட்பர். நூல் முடியட்டும், பிறகு பேசுவோம் என்று எவரும் காத்திருப்பதில்லை. அன்றன்று வாசித்த பகுதியை அன்றன்றே பேசிக்கொண்டு வீடு செல்வர். நாளைக்குச் சூரபன்மன் என்ன செய்யப்போகிறான் என்பது, முன்பே பத்துமுறை கேட்டவர்க்கும் ஆவலாகவே இருக்கும். பயன் சொல்லுதல் என்ற அந்தச் சொல்லே எமக்கு மிகவும் பிடித்தது.

படித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும் இதனாலேயே. நூலை முடித்தவர் தீர்ப்புக் கூறுவார்: நல்லது, கெட்டது, சுமார். கேட்பவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவழியில் நிற்பவரோ தம் ஐயத்தையும் வியப்பையும் சூட்டோடு சொல்லுவார். அவருக்கே மேலே என்ன வரும் என்பது தெரியாது. ஆதலால் கேட்பவரையும் தம்மோடு கூட்டிக்கொண்டு போகிறார். பாதியில் நிறுத்திவிட்ட நூலைப்பற்றியும் சொல்லலாம். ஏன் நிறுத்தினோம் என்பதைக் கேட்டே அந்நூலைத் தேடிப் படித்தவர்களை நாம் அறிவோம்.

இனி, நூலைக் கொடுத்தல். இங்கேதான் பலருக்கும் மனம் இறுகுகின்றது. இரவல் போன புத்தகம் திரும்பாது என்பார்கள். உண்மைதான், சில திரும்புவதில்லை. ஆனால் கண்ணாடி அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டவர் வீட்டு நூல்களின் கதி என்ன? கறையானுக்கு இரவற் சட்டம் கிடையாது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர், ஏடு தேடி அலைந்தபோது கண்டதும் இதுவே. எவருக்கும் காட்டாது காத்த ஏடுகள் செல்லரித்து, தொட்ட இடத்தில் உதிர்ந்தன. 1885 இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இலே கலித்தொகையையும் அவர் அச்சேற்றியது, உதிராமல் எஞ்சியவற்றைக் கொண்டே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் ஒரு வீட்டு இரவல்தான். 1933 இலே க. மு. செல்லப்பா அவர்கள் தம் வீட்டிலிருந்த நூல்களைப் பிறருக்குப் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன், அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1959 இற் புதிய கட்டடம் எழுந்தது. 1981 ஆம் ஆண்டு சூன் மாதம் முதலாந் தேதி இரவு சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்து சாம்பலாயின. அதனைக் கண்டவர்கள் இம்மண்டபத்தில் இருக்கின்றீர்கள். நாம் வருணிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்நூலகத்தில் இருந்த நூல்களுட் சிலவற்றின் வேறு பிரதிகள் வீடுகளிலும் பாடசாலைகளிலும் கடல் கடந்த ஊர்களிலும் இருந்தன. 2005 இலே தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையத் திட்டத்தினர் ஈழத்து நூல்களைத் தேடி மின்வடிவிலே சேர்த்து வருவது, எங்கோ எவர் கையிலோ ஒரு பிரதி தங்கியிருந்தமையாலேயே கூடுகின்றது. ஒரு பிரதி மட்டுமே இருந்து, அதுவும் அங்கேயே இருந்தவை போயின, போனவைதான்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்திற் கணக்கறிக்கை வாசித்தபின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மூவர் பேசட்டும், அவருள் ஒருவரேனும் அறுபது வயதைக் கடந்தவராகவும், ஒருவரேனும் பாடசாலை மாணவராகவும் இருத்தல் வேண்டும். குறிப்பு எழுதிவந்து வாசிக்க வேண்டாம். நூலைக் கையில் எடுத்து வந்து, வாசித்து நிற்கும் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து ஒரு பந்தியை உரக்கப் படித்தாற் போதும். கதை நூலாயின் முடிவை மட்டும் சொல்லாதிருப்பாராக. சமய நூலே வேண்டுமென்பதில்லை. விவசாயம், வைத்தியம், துப்பறியும் கதை எதுவாயினும் ஆகுக. துப்பறியும் கதை வாசிப்பவர் இங்கே பலர் உளர் என்பதும், சொல்லக் கூச்சப்படுகின்றனர் என்பதும் எமக்குத் தெரியும். கைத்தொலைபேசியில் வாசிப்பவர் அதனையே கொண்டுவரட்டும்.

இரவலுக்கு ஒரு கொப்பி போதும்: நூலின் பெயர், கொடுத்தவர், பெற்றவர், தேதி. அதனைச் செயற்குழு முறையில் நடத்த வேண்டாம். பொறுப்பாக எழுதக்கூடிய ஒரு தங்கையிடம் ஒப்படையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புத்தகம் எங்கே என்று தலைவரையே கேட்கும் துணிவு அவருக்கு இருக்கவேண்டும். அக்கொப்பியை நாமே வாங்கி வந்திருக்கின்றோம். வாயிற்புறத்து மேசையில் இருக்கின்றது. பேனையும் உண்டு. தேநீர் அருந்தச் செல்லும்போது, வீட்டில் உங்கள் தலையணையருகில் இருக்கும் நூலின் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.