பூட்டு சொன்ன பாடம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மின்னணுத் துறையில் வேலை பார்க்கிறாய், மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசு" என்று சங்கச் செயலாளர் அண்ணன் தொலைபேசியில் சொன்னார். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசலாமா, செயற்கைக்கோள் பற்றிப் பேசலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், எங்கள் வீட்டு வாசல் கதவைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். அந்தக் கதவு எனக்குக் கற்றுக் கொடுத்ததை இதுவரை எந்த அலுவலகமும் கற்றுக் கொடுக்கவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பாதையில்தான் எங்கள் வீடு. கரிசல் காடு, சீமைக்கருவேல், மழை பெய்தால் மட்டும் தண்ணீர் பார்க்கிற கண்மாய். உங்களில் பாதிப் பேருக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அப்பா கைத்தறி நெய்தவர். அம்மாவும் அப்பாவும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள். நான் சென்னையில். "வயதான இரண்டு பேர் தனியாக இருக்கிறார்களே" என்ற கவலையில், சில வருடங்களுக்கு முன் வாசல் கதவுக்கு ஒரு ஸ்மார்ட் லாக் வாங்கி மாட்டினேன். எண்ணை அழுத்தினால் திறக்கும்; நான் சென்னையிலிருந்தே திறக்கலாம், பூட்டலாம், யார் எப்போது வந்தார்கள் என்று பார்க்கலாம். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏய்யா, இதுக்குச் சாவி இருக்கா?" இருந்தது. "பத்திரமா வைங்கப்பா" என்றேன். அவரும் பத்திரமாக வைத்தார். வீட்டுக்குள்ளே, சாமி மாடத்தில்!

அந்தச் சித்திரை மாதத்தில் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, மறு பரிசோதனைக்காக இருவரும் மதுரை போயிருந்தார்கள். பூட்டுக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்திருப்பதாக என் செல்பேசி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஃபர்ம்வேர் என்றால் வேறொன்றுமில்லை, பூட்டுக்குள் இருக்கும் சிறு கணினியை நடத்துகிற நிரல். 'வீட்டில் யாரும் இல்லை, இதுதான் நல்ல சமயம்' என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு பொத்தானை அழுத்திவிட்டு, கூட்டத்துக்குப் போய்விட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது மதியம்தான் தெரிந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், செல்பேசியில் பதினோரு தவறிய அழைப்புகள். அம்மாதான். "கதவு தெறக்க மாட்டேங்குதுய்யா. நம்பரத் தொட்டா நீல லைட்டு மின்னி மின்னி அணையுது. ஒரு மணியிலருந்து திண்ணையில கெடக்கோம்." அப்போது மணி மூன்று. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டியில். ஊசி போடாமல் சாப்பிடவும் பயம், சாப்பிடாமல் இருக்கவும் பயம். அப்பாவுக்குக் கண்ணில் கட்டுடன் அனல் காற்றில் இருக்கை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பதாக நினைத்த இஞ்சினியர் மகன்!

மின்னி மின்னி அணைகிறது என்றால் பூட்டு சாகவில்லை, எழுந்து எழுந்து விழுகிறது என்று பொருள். மின்சாரம் போதவில்லை. அந்தப் பூட்டின் அடியில், அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொட்டுக் காட்ட இரண்டு உலோகப் புள்ளிகள் உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? அப்போதுதான் பக்கத்துத் தெரு மைக்செட் அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். கோயில் கொடைக்குக் கொண்டு போகிற கம்பியில்லா மைக்கில் அந்தப் பேட்டரிதான் இருக்கும். கூப்பிட்டேன். மைக்கைப் பிரித்துப் பேட்டரியை எடுத்துக்கொண்டு ஓடினார். "அண்ணாச்சி, பூட்டுக்கு அடியில ரெண்டு புள்ளி இருக்கா? அதுல வச்சு அழுத்திக்கிட்டே இருங்க, அம்மா நம்பரப் போடட்டும்." முதல் தடவை திறக்கவில்லை. பேட்டரியைத் திருப்பி வைக்கச் சொன்னேன். 'கிர்ர்' என்ற சத்தம் எனக்குச் சென்னையில் கேட்டது. அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. உள்ளே போகும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிரவே பேருந்து ஏறினேன். ஊருக்கு வந்து பழுது பார்த்த கதையைத்தான் தம்பி தங்கைகளுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், பேட்டரிகளைக் கழற்றி மீட்டரில் பார்த்தேன். நான்கு பேட்டரி, ஒவ்வொன்றும் சுமார் 1.4 வோல்ட் காட்டியது. 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும். செல்பேசியும் பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாகவே காட்டியிருந்தது. ஆனால் நம் ஆய்வகத்தில் சொல்லிக் கொடுத்தது என்ன? சுமை இல்லாமல் அளந்த வோல்டேஜை நம்பாதே! திரும்ப மாட்டி, மோட்டார் ஓடும்போது அளந்தேன். நான்கும் சேர்ந்து நாலரை வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. காரணம் எளிது. பழைய பேட்டரி தீர்ந்ததும் அப்பா பேருந்து நிலையக் கடையில் மலிவான சாதா கார்பன் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார். அல்கலைன் பேட்டரியும் 1.5 வோல்ட்தான், அதுவும் 1.5 வோல்ட்தான், ஆனால் கார்பன் பேட்டரியின் உள்மின்தடை அதிகம். மோட்டார் ஒரு நொடி இழுப்பதைத் தாங்கிவிடும். ஃபர்ம்வேர் இறங்கும்போது ரேடியோவும் நினைவகமும் பல நிமிடம் தொடர்ந்து இழுக்கும், அதைத் தாங்காது. பூட்டு பாதியில் விழும், எழுந்ததும் விட்ட வேலையைத் தொடரப் பார்க்கும், மறுபடி விழும்.

நல்ல பேட்டரி போட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுபடி முயன்றேன். தோல்வி. ஒரு தடவை 23 சதவீதத்தில் நின்றது, மறுதடவை 61, அதற்கடுத்து 40. இங்கே ஒரு குறிப்பு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால், முதலில் வழியைச் சந்தேகப்படுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அனுப்பும் பொருளைச் சந்தேகப்படுங்கள். பூட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே ஒரு சிறு இணைப்புப் பெட்டி உண்டு. பூட்டோடு அது புளூடூத்தில் பேசும். அதை உள்ளறையில் வைத்திருந்தேன். நடுவே அம்மாவின் இரும்பு பீரோ! பெட்டியை வாசல் அறைக்கு மாற்றியதும் நூறு சதவீதம் வரை தடையில்லாமல் வந்தது.

வந்து, "தோல்வி" என்றது. மூன்று தடவையும் அதே நூறில். இப்போது வழி சரி, பொருள்தான் ஒத்துவரவில்லை. இறங்கிய நிரல் தனக்கு உரியதுதானா என்று பூட்டு சோதித்துப் பார்த்து மறுக்கிறது. பூட்டின் உள்பக்கச் சீட்டைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரே புதியதற்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு பதிப்பு போட வேண்டும் என்று பதில் வந்தது. அப்படியே செய்தேன். இரவு பதினோரு மணிக்கு வேலை முடிந்தது.

பூட்டு மறுத்தது என்று சொன்னேன் அல்லவா, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மறுக்கத் தெரியாத பூட்டுகளின் கதி என்ன என்பதற்கு உண்மைச் சம்பவம் உண்டு. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த லாக்ஸ்டேட் என்ற நிறுவனம், 7ஐ என்ற மாடலுக்கான ஃபர்ம்வேரைத் தவறுதலாக 6ஐ மாடல் பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் செயலிழந்தன. எண் பலகை வேலை செய்யவில்லை. அவற்றில் பல, ஏர்பிஎன்பி மூலம் வீடு வாடகைக்கு விடுபவர்களின் வாசல்களில் இருந்தவை. தூரத்திலிருந்து சரிசெய்யவும் வழியில்லை. பூட்டின் ஒரு பகுதியைக் கழற்றி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், அல்லது மாற்றுப் பூட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது கைகொடுத்தது எது தெரியுமா? சாதாரண இரும்புச் சாவி!

பூட்டோடு முடிகிற விஷயமல்ல இது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. அங்கும் கைதான் உதவியது. பல கணினிகளின் முன்னால் ஒரு ஆள் போய் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆகவே, நாளை இத்தகைய கருவிகளை வடிவமைக்கப் போகும் தம்பி தங்கைகளே, நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள். புதிய நிரலைப் பழையதன் மேல் எழுதாதீர்கள். பக்கத்தில் தனி இடத்தில் எழுதி, சோதித்த பிறகே மாறுங்கள். எங்கள் பூட்டில் பழைய நிரல் பத்திரமாக இருந்ததால்தான் மைக்செட் பேட்டரிக்கு அது எழுந்தது. மாடலையும் கையொப்பத்தையும் கருவியே சரிபார்க்கட்டும். பேட்டரியைச் சுமையோடு அளந்து, போதாவிட்டால் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், முதலில் சிலருக்கு அனுப்பிப் பாருங்கள். பழுது பார்ப்பவருக்கோ ஒரே விதி: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. நம் ஆய்வக உதவியாளர் அண்ணன் தினமும் திட்டிச் சொன்ன வாசகம்தான் இது. அன்று கசந்தது.

வேலை முடிந்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார்: "தறியில இழை அறுந்தா, ஓட்டத்த நிறுத்திட்டு, கிட்ட உக்காந்துதான்யா முடிச்சுப் போடுவோம். எங்கயோ இருந்துக்கிட்டுப் போட முடியுமா?" நான் பதில் சொல்லவில்லை. பூட்டை மட்டும் அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது சாவி ஒன்று மைக்செட் அண்ணாச்சி வீட்டில் இருக்கிறது. ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று திண்ணை மாடத்தில். கொல்லைக் கதவில் அப்பா தாத்தா காலத்துத் திண்டுக்கல் பூட்டை மாட்டிவிட்டார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு, ஃபர்ம்வேர் கேட்காது! இனி புதுப்பிப்பு வந்தால், நான் ஊருக்குப் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போடுவது என்று வைத்திருக்கிறேன். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஊருக்குப் போகிறேன். அம்மாவுக்கு அந்தப் பூட்டின் மேல் இப்போது கோபமே இல்லை.