வழுக்குற ஸ்ட்ராப், வலிக்கிற மணிக்கட்டு

தேங்காய்த்திட்டுல இருந்து பேசுறேன். மொட்டைமாடி ரூம்லதான் ரெக்கார்டிங். ஆடியோவுல நடுநடுவே காக்கா கத்தும். எழுத்துல படிக்கிறவங்க தப்பிச்சீங்க.

இன்னைக்கு விஷயம் ரொம்பச் சின்னது. பேஸ் கிட்டார் ஸ்ட்ராப் தோள்ல வழுக்குது, அதை வீட்டுலயே எப்படிச் சரி பண்றது? அவ்வளவுதான். ஆனா இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காம விட்டு ஒரு மாசம் என் இடது மணிக்கட்டைக் கெடுத்துக்கிட்டேன். பகல் முழுக்க கீபோர்டுல கோடு அடிக்கிறவனுக்கு மணிக்கட்டு போச்சுன்னா சம்பளமும் போச்சு, சங்கீதமும் போச்சு. அதனாலதான் இதுக்கு ஒரு முழு எபிசோடு.

கதை ஜூன் 21-ல தொடங்குது. அன்னைக்கு ஃபெத் தெ லா முசிக். 1982-ல பிரான்ஸ்ல ஆரம்பிச்ச இசைத் திருநாள். நம்ம ஊர்லயும் அதையொட்டித் தெருவுல நின்னு வாசிப்பாங்க. நாங்க நாலு பேர், நடைபாதை ஓரமா ஒரு இடம். நாலு பேருக்கும் ஒரே மாதிரி பளபளன்னு பாலியெஸ்டர் சட்டை. ஜூன் மாசப் புழுக்கம். கிளம்புறதுக்கு முன்னாடி கழுத்துலயும் தோள்லயும் நல்லாப் பவுடர் வேற அடிச்சுக்கிட்டேன். இந்த மூணையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ரெண்டாவது பாட்டுலயே பேஸோட கழுத்து தரையைப் பார்த்து இறங்க ஆரம்பிச்சிடுச்சு. இடது கையால தூக்கிப் பிடிச்சேன். கை கழுத்தைத் தாங்கிக்கிட்டு இருந்தா விரல் எப்படி ஓடும்? பாட்டு மாறுற இடத்துல ஒரு பீட் லேட். டிரம்ஸ் வாசிக்கிற நண்பன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். முடிஞ்சதும், "மச்சி, இன்னும் கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணுடா"ன்னான்.

நானும் பண்ணேன். ஒரு மாசம், தினம் ராத்திரி ஒரு மணி நேரம். வாசிப்பு முன்னேறல, கட்டைவிரல் அடியில வலி மட்டும் வந்துச்சு. என் திறமைதான் குறைச்சல்னு முடிவே பண்ணிட்டேன். பழுது எங்கே இருக்குன்னு பார்க்காமலே அதே கோடைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல வேற யாராவது அப்படிச் செஞ்சா நானே திட்டியிருப்பேன்.

பேஸ் ஏன் தலைகுப்புறச் சாயுது? இதை நெக் டைவ்னு சொல்லுவாங்க. பெரும்பாலான பேஸ்ல கம்பியோட அதிரும் நீளம் 34 அங்குலம். அந்த நீளக் கழுத்தோட நுனியில நாலு கனமான முறுக்காணி. 1951-ல லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி பேஸ்னாலே பெரும்பாலும் தரையில ஊன்றி நிக்கிற ஆளுயர டபுள் பேஸ்தான். அதோட எடையைத் தரை தாங்கிச்சு. பேஸ் தோளுக்கு ஏறினப்போ அந்த வேலை ஸ்ட்ராப்புக்கு வந்துச்சு. அதனாலதான் பிரிசிஷன் பேஸோட மேல் கொம்பை அவ்வளவு நீளமா இழுத்தாங்க. ஸ்ட்ராப் மாட்டுற பொத்தான் 12-ஆவது ஃபிரெட் பக்கம் போனா தராசு சமமாகும். கொம்பு குட்டையா இருக்கிற பேஸ்ல கழுத்துப் பக்கம் கனம் ஜெயிக்கும். என்னோடது அந்த ரகம்.

இந்த விஷயம் எனக்குப் புரிஞ்சது கிட்டார் கடையில இல்ல, நம்ம மீன்பிடித் துறைமுகத்துல. ஒரு சாயங்காலம் அங்கே நடந்துக்கிட்டு இருந்தேன். ஒரு பெரியவர் தனியாளா ஒரு விசைப்படகைக் கயித்தால பிடிச்சுக்கிட்டு நின்னார். கரையில ஒரு குட்டை இரும்புத் தூண். அதுல கயித்தை ரெண்டு சுத்து சுத்தி, நுனியை ஒரே கையில லேசாப் பிடிச்சிருந்தார். "எப்படிண்ணே ஒத்தக் கையால?"ன்னு கேட்டேன். "கை எங்க தம்பி பிடிக்குது? சுத்துதான் பிடிக்குது"ன்னார்.

வீட்டுக்கு வர்ற வழியிலதான் மண்டையில உறைச்சுது. இதை நான் முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல படிச்சு, பரீட்சையும் எழுதியிருக்கேன்! பெல்ட் ஃபிரிக்‌ஷன். ஆய்லர், ஐட்டல்வைன்னு ரெண்டு பேர் பெயரில் இருக்கிற சமன்பாடு. ஒரு பக்க இழுவை இன்னொரு பக்க இழுவையைவிட எத்தனை மடங்கு ஆகிற வரைக்கும் கயிறு வழுக்காம நிற்கும்னு அது சொல்லும். உராய்வுக் குணகத்தை, கயிறு எத்தனை ரேடியன் சுற்றியிருக்கிறதோ அதால் பெருக்கணும். வர்ற எண்ணை, 2.718-ங்கிற எண்ணுக்கு அடுக்கா வைக்கணும். உராய்வுக் குணகம் 0.25-ன்னு வெச்சுப் பாருங்க. ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 5 மடங்கு, ரெண்டு சுத்துக்கு 23 மடங்கு, மூணு சுத்துக்கு 111 மடங்கு.

ஸ்ட்ராப்புக்கு உங்க தோள்தான் அந்த இரும்புத் தூண். ஆனா முழுச் சுத்து கிடையாது. நெஞ்சுப் பக்கம் இருந்து தோள் மேல ஏறி முதுகுல இறங்குது, சுமார் அரைச் சுத்து. அதே 0.25-க்குக் கணக்குப் போட்டா 2.2 மடங்குதான் தாங்கும். கழுத்துக் கனம் முன்பக்கத்தை அதுக்கு மேல இழுத்தா ஸ்ட்ராப் நழுவும். தோள்ல இன்னொரு சுத்து சுத்த முடியாது. மிச்சம் இருக்கிற ஒரே வழி உராய்வைக் கூட்டுறது. உராய்வு அடுக்குல உட்கார்ந்திருக்கு, அதுதான் நமக்கு நல்ல செய்தி. 0.25-ஐ 0.5 ஆக்கினா தாங்குற அளவு 2.2-லிருந்து 4.8 மடங்கா ஏறுது. இன்னொண்ணு கவனிச்சீங்களா? இந்தச் சமன்பாட்டுல ஸ்ட்ராப்போட அகலம் எங்கேயும் இல்ல. அகல ஸ்ட்ராப் தோளுக்குச் சுகம். ஆனா அதே வழவழப்பான நைலான்ல அகலமா வாங்கினா வழுக்கல் நிற்கும்னு எதிர்பார்க்காதீங்க.

சரி, செய்முறை. முதல்ல சோதனை. பேஸை மாட்டிக்கிட்டு நின்னு, இடது கையை மெதுவா எடுங்க. கழுத்து இறங்குதா? இப்போ வீட்டுல யாரையாவது ஸ்ட்ராப்பைத் தோளோட சேர்த்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். "இதுக்கா அடுப்பை அணைச்சிட்டு வரச் சொன்னே?"ன்னு கேட்டுக்கிட்டேதான் பிடிச்சாங்க. பிடிச்சதும் கழுத்து நின்னுடுச்சு. அப்படின்னா பிரச்சினை வழுக்கல்தான். பிடிச்சும் சாய்ஞ்சா பொத்தான் இருக்கிற இடமோ கனமோ சரியில்லைன்னு அர்த்தம். அதுக்கு ஸ்ட்ராப் வைத்தியம் பத்தாது.

அடுத்தது காசில்லாத வைத்தியம். பவுடர் அடிக்காதீங்க, அது துகள் வடிவத்துல ஒரு மசகு. பாலியெஸ்டர் சட்டைக்குப் பதிலா பருத்திச் சட்டை போடுங்க. நைலான் ஸ்ட்ராப்பா இருந்தா மிதமான சோப்புத் தண்ணியில அலசி, நிழல்ல நல்லா காய விடுங்க. மேல படிஞ்ச பவுடரும் வேர்வைப் பிசுக்கும் போகும். என் தெருக் கச்சேரித் தோல்வியில பாதி இதுலயே தீர்ந்திருக்கும்.

மூணாவது, டிராயர்ல விரிக்கிற வலை மாதிரி ரப்பர் விரிப்பு. ஒரு துண்டு வெட்டித் தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவுல வெச்சுப் பாருங்க. உடனே பிடிக்கும். ஆனா பரிசோதனைக்கு மட்டும். அது பெரும்பாலும் பிவிசி. நம்ம ஊர் வெக்கையில பிசுபிசுன்னு ஆகும். முக்கியமா, ரப்பரோ பிவிசியோ கிட்டார் மேல பட்டபடி உறைக்குள்ள வெச்சிடாதீங்க. பழைய பாணி நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் அடிச்ச கருவியா இருந்தா மேற்பூச்சு இளகி, கறை விழுந்துடும்.

நாலாவது, பழைய சைக்கிள் டியூப். நீளவாக்குல வெட்டி, உள்ள இருக்கிற பவுடரைக் கழுவிட்டு ஸ்ட்ராப் அடியில தைக்கலாம். பிடி பிரமாதம், ஆனா கொஞ்சம் ஓவர். சட்டைக் காலரையே இழுத்துக்கிட்டு வரும், வெள்ளைச் சட்டையில கறுப்புக் கோடு போடும், அடியில வேர்வை ஊறும். நான் ரெண்டு நாள்ல பிரிச்சிட்டேன்.

ஐந்தாவது, எனக்கு நிலைச்சது: தோலோட சொரசொரப்பான உள்பக்கம். செருப்புத் தைக்கிற அண்ணன்கிட்ட மிச்சத் துண்டு கேட்டு வாங்கினேன். ஸ்ட்ராப் அகலத்துக்கு 2 அங்குலம், நீளம் 12 அங்குலம். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. வாசிக்கிற உயரத்துல பேஸை மாட்டி, ஸ்ட்ராப் நெஞ்சுல தொடுற இடத்தையும் முதுகுல விலகுற இடத்தையும் சாக்பீஸால குறிங்க. அந்த இடைவெளிக்குத்தான் பிடி வேணும்.

வெறும் பசை போட்டு ஒட்டாதீங்க, வேர்வையில கழண்டுடும். நிலையா நிற்கிறதுக்கு மட்டும் லேசாப் பசை, பிறகு ரெண்டு ஓரமும் நீளவாக்குல தையல். குறுக்கே வரிசையா ஊசி குத்தினா எடை தாங்குற நெசவே பலவீனமாகும். நான் இதைச் சொன்னதும் அந்த அண்ணன், "செருப்பு வாருக்கும் அதே கதைதான் தம்பி, எனக்குத் தெரியாதா"ன்னு சிரிச்சார். தச்சு முடிச்சதும் பழைய டூத்பிரஷால தோலைத் தேய்ச்சுச் சிலும்ப விடுங்க. உங்களோடது வழவழப்பான தோல் ஸ்ட்ராப்னா தையலே வேணாம். உள்பக்கத்தை உப்புத்தாள் வெச்சு மெதுவாத் தேய்ச்சாலே போதும்.

வேலை செஞ்சுதான்னு அளந்தும் பார்த்தேன். நாற்காலியோட உருண்டையான முதுகுச் சட்டத்துல பழைய பருத்திச் சட்டையைப் போர்த்தி, மேல ஸ்ட்ராப்பைத் தொங்க விட்டேன். ஒரு முனையில 1 கிலோ சர்க்கரைப் பொட்டலம், மறு முனையில வாளி. வாளியில சொம்பு சொம்பா தண்ணி ஊத்தி எப்போ வழுக்குதுன்னு பார்த்தேன். வெறும் நைலான், வாளியோட சேர்த்து 2 கிலோ சுமாருக்கே சறுக்கிடுச்சு. தோல் தச்சதுக்கு அப்புறம் 4 கிலோ தாண்டியும் நின்னுச்சு. ஆய்வுக்கூடச் சோதனை எல்லாம் இல்ல. ஆனா உங்க ஸ்ட்ராப்பை இன்னைக்கும் நாளைக்கும் ஒப்பிட இது போதும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ராப்போட ரெண்டு முனையிலயும் இருக்கிற பொத்தான் துளையைப் பாருங்க. தளர்ந்திருந்தா தோள்ல எவ்வளவு பிடி இருந்தும் பயனில்ல, 4 கிலோ மரம் கால்ல விழும். ஸ்ட்ராப் லாக் போடுங்க. இல்லைன்னா பொத்தான் மேல இறுக்கமா ஒரு ரப்பர் வாஷராவது மாட்டுங்க. நான் சொன்ன மேற்பூச்சு ஆபத்து அதுக்கும் பொருந்தும்.

இப்போ நான் பெரிய பேஸ் கலைஞன் ஆயிட்டேனான்னா, இல்ல. ஆனா அதே பாட்டை அதே நண்பன்கூட வாசிச்சப்போ மாறுற இடத்துல விரல் சரியாப் போய் உட்கார்ந்துச்சு. அவன் திரும்பிப் பார்க்கல. எனக்கு அது போதும். கட்டைவிரல் வலி குறைய மூணு வாரம் ஆச்சு. உங்களுக்கு வலி குறையலைன்னாலோ விரல் மரத்துப் போனாலோ ஸ்ட்ராப்பைத் தச்சுக்கிட்டு இருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க.

வாசிப்பு வரலைன்னா நம்மளைத் திட்டிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இடது கையை எடுத்துப் பாருங்க. அது வாசிக்குதா, சுமக்குதான்னு தெரிஞ்சிடும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.